மான்டசீட்டோவில் எரியாத வீடுகள்: வறட்சிக்கு நடுவே ஓர் ஊர் காட்டுத்தீக்குத் தயாரான விதம்

2017 டிசம்பர் 16, சனிக்கிழமை. கலிபோர்னியாவின் தாமஸ் தீ பன்னிரண்டு நாளாக எரிந்துகொண்டே நகர்ந்து, சாண்டா பார்பரா கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) உள்ள மான்டசீட்டோ என்ற ஊரின் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. மலையிலிருந்து ஊரை நோக்கி இறங்கும் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுகிறது. தீயணைப்பு அதிகாரிகளின் கணக்குப்படி அன்றைக்கு 400 முதல் 500 வீடுகள் போயிருக்க வேண்டும். எரிந்து அழிந்தவை 7. இன்னும் சில பத்து வீடுகளுக்குச் சேதம். ஊருக்குள் ஒருவர்கூடச் சாகவில்லை.

பன்னிரண்டு நாளுக்கு முன் இதே தீ, புறப்பட்ட முதல் ராத்திரியிலேயே பக்கத்து வென்ச்சுரா நகரத்தில் 500க்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியிருந்தது. அதனால் "சின்னத் தீ, தப்பிவிட்டார்கள்" என்று தள்ளிவிட முடியாது. முழுவதும் அடங்கும்போது அது எரித்த பரப்பு 2,81,893 ஏக்கர், அழித்த கட்டடங்கள் ஆயிரத்துக்கும் மேல். அதுவரை கலிபோர்னியாவில் பதிவான தீகளிலேயே அதுதான் பெரியது.

சரி, மான்டசீட்டோவில் மட்டும் என்ன நடந்தது? "பணக்கார ஊர், ஹெலிகாப்டர் நிறைய வந்திருக்கும்" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் பதில். ஊர் பணக்கார ஊர்தான், ஹாலிவுட் பிரபலங்கள் வீடு வாங்கும் இடம். ஆனால் அந்தப் பதில் பாதியைக்கூட விளக்காது. பணக்காரர்கள் வாழ்ந்த மலையடிவார ஊர்கள் எரிந்ததும் கலிபோர்னியாவில்தான், 1991இல் 25 பேரைக் கொன்ற ஓக்லாந்து மலைத் தீயும் அப்படிப்பட்ட இடத்தில்தான். மீதிப் பதில் அதற்கு முந்தைய இருபது வருடங்களில் இருக்கிறது. அந்த இருபது வருட வேலையில் பெரும்பகுதி சருகு பொறுக்குவதும் கிளை வெட்டுவதும்தான்.

எரிவதற்கென்றே அமைந்த இடம்

ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் செங்குத்தாக எழும் சாண்டா இனெஸ் மலைத்தொடர், நடுவே சில கிலோமீட்டர் அகலத்துக்கு ஊர். மலைமுழுக்க சப்பரால் எனப்படும் அடர்ந்த புதர்க்காடு. இலைகளில் எண்ணெய்ப்பசை உள்ள, ஆள் உயரத்துக்கும் மேலே வளரும், கோடை முழுக்க மழையே பார்க்காத செடிகள். ஊருக்குள் யூகலிப்டஸ், ஓக் மரங்கள், ஒரு வண்டி போனால் எதிர்வண்டி ஒதுங்கி நிற்கவேண்டிய வளைந்த சாலைகள்.

இத்தோடு அந்த ஊருக்கே உரிய ஒரு காற்று. உள்ளூரில் அதை 'சன்டவுனர்' என்கிறார்கள், ஏனென்றால் பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்தான் வரும். கடலிலிருந்து வரவேண்டிய ஈரக்காற்றுக்கு நேரெதிராக, மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஏறி, இந்தப் பக்கம் சரிவில் இறங்க இறங்கச் சூடாகி, ஈரம் இழந்து, ஊரின்மேல் வந்து விழும். தீ சரிவில் மேலே ஏறித்தான் போகும் என்று படித்தவர்களுக்கு இந்த ஊர் வேறு பாடம் நடத்தும். இங்கே மலையுச்சியில் பற்றியது காற்றோடு கீழே ஓடிவரும்.

சுற்றுவட்டாரத்தின் தீ வரலாற்றைப் பார்த்தால், பற்றவைத்த காரணங்களைக் கவனியுங்கள். 1977இல் சைகமோர் கேன்யன் தீ: மின்கம்பியில் மோதிய ஒரு பட்டம். அதில் போன வீடுகள் சுமார் 200. 1990இல் பெயின்டட் கேவ் தீ: வேண்டுமென்றே வைத்தது, 427 கட்டடங்கள். 2007இல் ஸாக்கா தீ: தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்க ஒரு பண்ணையில் கிரைண்டர் ஓட்டியபோது தெறித்த பொறி, 2,40,000 ஏக்கர். 2008 நவம்பரில் டீ தீ: மாணவர்கள் மலையில் மூட்டிய கணப்பு, 210 வீடுகள். 2009இல் ஹெசுசீட்டா தீ: மலைப்பாதையில் புதர் வெட்டப் போனவர்களின் இயந்திரம், 80 வீடுகள். கடைசியாகத் தாமஸ் தீ: பலத்த காற்றில் மின்கம்பிகள் ஒன்றோடொன்று உரசியதால் பற்றியது என்று 2019இல் வென்ச்சுரா கவுன்ட்டி தீயணைப்புத் துறை விசாரணை முடிவு சொன்னது.

பட்டம், குழாய் ரிப்பேர், கணப்பு, புதர் வெட்டும் கருவி. இதில் எதைச் சட்டம் போட்டு முழுசாக நிறுத்த முடியும்? கடும் வறட்சியில் இவற்றுக்கெல்லாம் தடை வேண்டும்தான், காய்ந்த புல்லை வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்கவேண்டும்தான், பொறி தெறிக்கும் வேலை செய்கிறவர் பக்கத்தில் தண்ணீரும் மண்வெட்டியும் வைத்திருக்கவேண்டும்தான். ஆனால் ஊரின் மொத்தத் தீத்தடுப்பும் "யாரும் நெருப்பு வைக்காதீர்கள்" என்ற அறிவிப்புப் பலகையை நம்பி இருந்தால், என்றோ ஒருநாள் ஒரு பட்டம் அதைத் தோற்கடித்துவிடும். மான்டசீட்டோக்காரர்கள் இதை 1990களிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான் என் பார்வையில் முதல் திருப்பம். மலை எரியும், அது எரியும்போது வீடு எரியக்கூடாது என்றால் இன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள்.

வறட்சி செய்த வேலை

2011இன் இறுதியில் தொடங்கிய கலிபோர்னிய வறட்சி சாண்டா பார்பரா பக்கம் மற்ற இடங்களைவிட நீண்டது. கச்சுமா நீர்த்தேக்கம் 2016 இறுதியில் கொள்ளளவில் பத்து சதவீதத்துக்கும் கீழே போனது. மான்டசீட்டோ குடிநீர் வாரியம் 2014 பிப்ரவரியிலேயே தண்ணீரை அளந்து கொடுக்கத் தொடங்கி, அளவு மீறினால் பெரும் அபராதம் என்றது. சிலர் லாரியில் தண்ணீர் வாங்கினார்கள், சிலர் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், பலர் புல்வெளியைச் சாகவிட்டார்கள்.

வறட்சிக்காலத் தீத்தடுப்பில் யாரும் நேராகப் பேசாத சிக்கல் இதுதான். தண்ணீரைச் சேமி என்று ஒரு துறை சொல்கிறது, வீட்டைச் சுற்றிச் செடிகளை ஈரமாக வை என்று இன்னொரு துறை சொல்கிறது. ஊரார் இரண்டையும் கேட்டுவிட்டு, நடுவழியாக எல்லாவற்றையும் பாதி காய்ந்த நிலையில் விட்டுவிடுகிறார்கள். இருப்பதிலேயே மோசமான தேர்வு அதுதான். செத்த புல், காய்ந்த வேலிச்செடி, உயிர்போன மரம் மூன்றும் அப்படியே நின்றால் அது தோட்டமில்லை, விறகு. இருக்கும் கொஞ்சத் தண்ணீரை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சில மரங்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை வெட்டி அகற்றிவிட்டு, வெறும் மண்ணோ சரளையோ பரப்பிவிடுவது தண்ணீருக்கும் நல்லது, தீக்கும் நல்லது. இரண்டு துறைகளும் ஒரே துண்டறிக்கையில் இதைச் சொன்னால் போதும், சண்டையே இல்லை.

மலையில் நடந்தது இன்னும் மோசம். புதர்களின் பச்சை இலையிலும் கிளை நுனியிலும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கலிபோர்னியாவில் மாதிரி வெட்டி, எடைபோட்டு, உலையில் காயவைத்து, மறுபடி எடைபோட்டுப் பார்ப்பார்கள். காய்ந்த எடையில் 60 சதவீதத்துக்குக் கீழே ஈரம் போனால் ஆபத்து என்பது கணக்கு. சாதாரண வருடத்தில் கோடை முடிவில் சில வாரம் அப்படி இருந்து, மழை வந்ததும் ஏறிவிடும். வறட்சியில் அது மாதக்கணக்கில் கீழேயே கிடக்கும். வறட்சி நீண்டால் செடியே சாகும், சாண்டா இனெஸ் சரிவுகளில் சியனோதஸ் புதர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ந்தது அப்படித்தான். 2017 தொடக்கத்தில் நல்ல மழை பெய்தது, புல் தளதளவென்று வளர்ந்தது, வறட்சி முடிந்தது என்று பலர் மூச்சு விட்டார்கள். அந்தப் புல் கோடையில் காய்ந்து, ஏற்கெனவே செத்து நின்ற புதர்களின் காலடியில் சேர்ந்தது. நவம்பரில் வரவேண்டிய மழை வரவில்லை. டிசம்பரில் தீ.

வீடு எப்படிப் பற்றுகிறது

பெரிய தீச்சுவர் வந்து வீட்டை விழுங்குவதாகத்தான் நம் மனதில் படம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகள் அப்படி எரிவதில்லை. அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் ஜாக் கோஹன் கனடாவின் வடமேற்குப் பகுதியில் உண்மையான காட்டையே எரித்து, அதன் எதிரே மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார். தீயிலிருந்து 10 மீட்டரில் இருந்த சுவர்களில் சில பற்றின. 30 மீட்டரில் இருந்தவை கருகக்கூட இல்லை. அப்படியானால் நூற்றுக்கணக்கில் வீடுகள் எரிவது ஏன்? கங்குகள். எரியும் மரப்பட்டை, கிளைத்துண்டு, இலை எல்லாம் காற்றில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்து கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரக் கால்வாயில் கிடக்கும் சருகில் விழும். பரண் காற்றுத்துவாரத்தின் பெரிய கண் வலைக்குள் நுழையும். வாசலில் கிடக்கும் தென்னைநார் மிதியடியில் உட்காரும். சுவரோரம் அடுக்கிய விறகில் அரைமணி நேரம் புகைந்துவிட்டு, தீ முன்னணி தாண்டிப் போய், வண்டிகளும் போன பிறகு சாவகாசமாக வீட்டைப் பிடிக்கும். வீடு தரைமட்டமாகி, பத்தடி தள்ளி மரம் பச்சையாக நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். அப்புறம் ஒரு வீடு எரிந்தால் அதுவே பக்கத்து வீட்டுக்குக் கங்கு வீசும்.

ஆகவே முக்கியமான போர்க்களம் மலையில் இல்லை, வீட்டுச் சுவரிலிருந்து முதல் ஐந்தடியில் இருக்கிறது. கலிபோர்னியச் சட்டம் வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புதர் குறைக்கச் சொல்கிறது, 2008 முதல் ஆபத்துப் பகுதியில் கட்டும் புது வீடுகளுக்கு எளிதில் பற்றாத கூரை, கங்கு நுழையாத துவாரம் என்றெல்லாம் விதி இருக்கிறது. ஆனால் சுவரை ஒட்டிய முதல் ஐந்தடிக்குத் தனிச் சட்டம் 2020இல்தான் வந்தது. விதி வந்ததைவிட அறிவு வந்தது ரொம்ப முன்னாலேயே.

இருபது வருட வேலை

பெயின்டட் கேவ் தீயும் அடுத்த வருடம் ஓக்லாந்து மலைத் தீயும் மான்டசீட்டோ தீயணைப்புத் துறையை யோசிக்கவைத்தன. காட்டுத்தீ வேலைக்கென்றே ஒரு நிபுணரை நியமித்தார்கள். சின்ன ஊர்த் துறையில் வண்டி வாங்காமல், வீடுவீடாகப் போய்ப் பேசுவதற்கு ஆள் எடுப்பது சாதாரண முடிவில்லை.

அந்தப் பேச்சுதான் இந்த நிகழ்வின் மையம். தாமஸ் தீக்குப் பிறகு இந்த ஊரை ஆராய்ந்து 2019இல் கட்டுரை வெளியிட்ட கிரிஸ்டல் கோல்டன், கேரல் ஹென்சன் இருவரும் அழுத்திச் சொல்வதும் இதைத்தான். அபராத நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகாமல், வீட்டுக்காரரோடு தோட்டத்தைச் சுற்றி நடந்து, இந்தக் கிளை கூரையைத் தொடுகிறது, அந்தப் புதர் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது என்று காட்டி, எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுக்கவேண்டும் என்று பேசி முடிவுக்கு வருவது. மரத்தின்மேல் பாசம் உள்ளவரிடம் மரத்தை வெட்டு என்றால் கதவைச் சாத்துவார், அடிக்கிளைகளை மட்டும் கழித்து, தரைப்புதரிலிருந்து தீ மேலே ஏற ஏணி இல்லாமல் செய்யலாமா என்றால் சம்மதிப்பார்.

சரி, சம்மதித்தார், வெட்டினார், வெட்டிய கிளைகளை என்ன செய்வது? பல ஊர்த் திட்டங்கள் படுத்துவிடுவது இங்கேதான். வெட்டிப்போட்ட குவியல் கொல்லையிலேயே காய்ந்து, முன்னைவிட மோசமான எரிபொருளாக நிற்கும். மான்டசீட்டோவில் தெருவாரியாக நாள் குறித்து, குடியிருப்போர் கிளைகளைச் சாலையோரம் குவித்துவைத்தால், துறை ஏற்பாடு செய்த ஆட்கள் அரவை இயந்திரத்தோடு வந்து சில்லாக அரைத்து அகற்றிவிடுவார்கள். தெருவில் ஒரு வீட்டு வாசலில் குவியல் இல்லையென்றால் அக்கம்பக்கத்தார் கண்ணுக்குத் தெரியும். நோட்டீசைவிட அந்தப் பார்வைக்குப் பலம் அதிகம் என்று நினைக்கிறேன்.

சாலையோரங்களையும் விடவில்லை. தப்பி ஓடும் வழியும் வண்டி ஏறிவரும் வழியும் ஒன்றேதான் என்பதால், இருபுறமும் புதரைக் குறைத்தார்கள். ஊருக்கும் மலைக்கும் நடுவே, ஈஸ்ட் மவுண்டன் டிரைவ், பெல்லா விஸ்டா டிரைவ் பக்கமாக, புதரைக் குறைத்த பட்டைகளை ஒன்றோடொன்று இணையும்படி உருவாக்கினார்கள். புல்டோசர் வைத்து மொட்டையடித்த பட்டையில்லை. சப்பராலை வேரோடு வழித்துவிட்டால் அந்த இடத்தில் அந்நியப் புல் வந்து, அது இன்னும் சீக்கிரம் பற்றும். செத்ததை எடுத்து, மீதியைத் திட்டுத்திட்டாக விட்டு, பெரிய மரங்களை நிழலுக்கு வைத்துக்கொண்டார்கள். இந்தப் பட்டைகளின் நோக்கமும் தீயைத் தானாக நிறுத்துவதில்லை, இந்தக் காற்றில் கங்கு அதைத் தாண்டிக் குதித்துவிடும். பட்டைக்குள் தீயின் உயரம் குறையும், வீரர்கள் நின்று வேலை பார்க்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். எடுத்த புதர் சில வருடத்தில் மறுபடி வளரும், மறுபடி வெட்டவேண்டும். ஒருமுறை நிதி ஒதுக்கி, படம் பிடித்து, மறந்துவிடும் ஊர்களுக்கு இது ஒத்துவராது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று, அதற்குச் செலவும் குறைவு. வெளியூரிலிருந்து உதவிக்கு வரும் தீயணைப்பு வீரருக்கு இந்த ஊர் தெரியாது. இருட்டு, புகை, ஒரே மாதிரி வளைவுகள். அவர் கையில் கொடுக்க முன்கூட்டியே வரைபடத்தோடு ஒரு தாக்குதல் திட்டம் தயாரித்து வைத்திருந்தார்கள். எந்தச் சாலை முட்டுச்சந்து, எங்கே வண்டி திருப்பலாம், தண்ணீர் எங்கே எடுக்கலாம், நிலைமை கைமீறினால் எங்கே ஒதுங்கலாம், எல்லாம் அதில் உண்டு. வந்து இறங்கிய பிறகு வழி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

2008 டீ தீயின்போதே இந்தத் தயாரிப்பின் ஒரு துண்டு சோதிக்கப்பட்டது. ஊரில் உள்ள வெஸ்ட்மான்ட் கல்லூரி வளாகத்துக்குள் தீ புகுந்து சில கட்டடங்களை எரித்தது. சுமார் 800 பேர் குறுகலான சாலையில் கார்களோடு மாட்டிக்கொள்ளாமல், முன்பே திட்டமிட்டபடி உடற்பயிற்சிக் கூடத்துக்குள் இருந்து பிழைத்தார்கள். கடைசி நிமிடத்தில் ஓடுவதைவிட, சுற்றிலும் புதர் அகற்றிய உறுதியான கட்டடத்துக்குள் இருப்பது சில இடங்களில் பாதுகாப்பு. ஆனால் அந்தக் கட்டடம் எது என்று தீ வருமுன் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை

தீ வருவது நாட்களுக்கு முன்பே தெரிந்ததால் ஊரைக் காலிசெய்தாயிற்று, சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. வெளியிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்த வண்டிகள் வரைபடத்தோடு வீடுகளுக்கிடையே நிறுத்தப்பட்டன. மேலே பட்டைகளை ஒட்டிக் கைக்கருவிகளோடு வேலை செய்யும் குழுக்களும் புல்டோசர்களும் தடுப்புக் கோடுகளை இன்னும் அகலப்படுத்தி, சில இடங்களில் எதிர்த்தீ வைத்து நடுவே இருந்த எரிபொருளை முன்கூட்டியே தீர்த்திருந்தன. காற்று இறங்கியபோது தீ மலைவாய்களிலிருந்து வீடுகளுக்குள் பாய்ந்தது. சுற்றிலும் இடம் விட்டிருந்த வீடுகளில் வீரர்கள் நின்று கங்குகளை அணைத்துக்கொண்டே இருந்தார்கள். இடமே இல்லாத வீட்டுக்கு, திரும்பிவர வழியில்லாத நுழைவுப்பாதைக்குள், எந்தத் தலைவரும் தன் ஆட்களை அனுப்பமாட்டார். ஊர்ச் சுத்தத்தின் பலன் அங்கேதான் தெரிந்தது.

இதில் எவ்வளவு அதிர்ஷ்டம்? கணிசமாக. வென்ச்சுராவுக்குக் கிடைத்தது சில மணி நேரம், மான்டசீட்டோவுக்குப் பன்னிரண்டு நாள். உச்சத்தில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தீயில் வேலை பார்த்தார்கள், அத்தனை பேர் எல்லா ஊருக்கும் வரமாட்டார்கள். வரி வருமானம் உள்ள ஊர், தனி நிபுணருக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தது. இதே தீ முதல் ராத்திரியே இங்கே பற்றியிருந்தால் கணக்கு 7இல் நின்றிருக்காது. ஆனாலும், அத்தனை வண்டிகள் வந்தும், நிற்க இடமில்லாத ஊராக இருந்திருந்தால் அவற்றால் பெரிய பயன் இருந்திருக்காது.

காசில்லாத ஊர் எதை எடுத்துக்கொள்ளலாம் என்றால், நான் வரிசையைத் தலைகீழாக வைப்பேன். மலையில் பட்டை வெட்டுவது கடைசி, அதற்கு ஆளும் அனுமதியும் பணமும் வருடாவருடம் வேண்டும். முதலில் கூரைச் சருகு, துவாரத்துக்கு மெல்லிய கண் உலோக வலை, சுவரோர விறகு, ஐந்தடி வெறுந்தரை. இதற்கு ஒரு வார இறுதியும் சில ஆயிரம் அடி வலையும் போதும், முதியவர் வீடுகளுக்கு இளைஞர்கள் கை கொடுக்கவேண்டும். அடுத்தது வெட்டியதை எடுத்துப்போகும் வண்டி. அது இல்லாமல் வெட்டச் சொல்லாதீர்கள். பிறகு ஒரே ஒரு தாள் வரைபடம், முட்டுச்சந்துகளும் தண்ணீர் எடுக்கும் இடங்களும் குறித்தது.

ஜனவரி 9

வீடுகள் தப்பின, ஆனால் மலை எரிந்துவிட்டது. புதர் போன செங்குத்துச் சரிவில் மண்ணைப் பிடிக்க எதுவும் இல்லை, தீயின் சூட்டில் மண்ணின் மேற்பரப்பு தண்ணீரை உள்ளே விடாத தோலாக மாறியிருந்தது. 2018 ஜனவரி 9 விடியுமுன் ஐந்து நிமிடத்தில் அரை அங்குலத்துக்கும் மேல் மழை கொட்டியது. சேறும் வீட்டளவு பாறைகளும் ஓடைகள் வழியே ஊருக்குள் இறங்கின. 23 பேர் இறந்தார்கள், அவர்களில் இருவரின் உடல் கிடைக்கவே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. தாமஸ் தீ முழுமையாக அடங்கியதாக அறிவிக்கப்பட்டதே அதற்கு மூன்று நாள் கழித்துத்தான்.

கட்டாய வெளியேற்றம் 192ஆம் எண் சாலைக்கு மேலே, விருப்ப வெளியேற்றம் கீழே என்று கோடு போட்டிருந்தார்கள். தீக்காகப் பலநாள் வெளியே தங்கிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்த பலர், மறுபடி ஒருமுறை மூட்டை கட்ட மனமில்லாமல் இருந்துவிட்டார்கள். சேறு சாலை எண்ணைப் பார்க்கவில்லை, ஓடையைப் பார்த்தது. தீத்தடுப்புத் திட்டம் எழுதும் எந்த மலையடிவார ஊரும், தீக்குப் பிந்தைய முதல் மழைக்கான பக்கத்தையும் அதே கோப்பில் எழுதவேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்று தேவையில்லை. ஓடையோர வீடுகளின் பட்டியலும், எவ்வளவு மழை முன்னறிவிப்புக்கு யார் கிளம்பவேண்டும் என்ற அளவுகோலும் புகை அடங்குமுன்பே தயாராக இருக்கவேண்டும்.

அந்தப் பக்கத்தை மான்டசீட்டோ பிறகு எழுதியது. அழிந்த வீடுகள் இருந்த ரேண்டல் ரோடு மனைகளைக் கவுன்ட்டி வாங்கி, சான் இசிட்ரோ ஓடையில் பாறையையும் சேற்றையும் தேக்கிப் பிடிக்கும் பெரிய பள்ளத்தை 2022இல் கட்டி முடித்தது. 2023 ஜனவரி 9, சரியாக ஐந்தாவது வருட நாளில், மறுபடி பெருமழை வந்தபோது மேல், கீழ் என்ற கோடெல்லாம் போடாமல் ஊர் முழுவதையும் காலிசெய்யச் சொன்னார்கள்.